திறவாத மதகைத் திறந்ததாகச் சொன்ன நிரலாளர்க்கு

ஏழ்மதகு நாட்டை ஆள்பவளும் ஆம்பற்கொடி உயர்த்தவளுமாகிய அரசி கொற்றவேண்மாள், அரண்மனைக் கணிப்பொறிகளுக்கு நிரல் எழுதும் கூடத்தின் தலைவரும், ‘பிழையிலி’ என்னும் பட்டத்தை எம் கையாலேயே பெற்றவருமான எயினந்தையார்க்கு விடுக்கும் ஓலை. உம் கூடத்து விளக்குகள் அணையாதிருக்க. உம் பொறிகள் சூடேறாதிருக்க. உம் சுற்றம் நலமுறுக. முறைக்கு வாழ்த்திவிட்டோம், இனிச் செய்தியைக் கேளும்.

பெருமழையில் பேரேரி நிறைந்தபோது கீழ்மதகைத் திறக்குமாறு பொறிக்கு ஆணையிட்டோம். உம் நிரல் அவ்வாணையை மதகை இயக்கும் விசைக்குக் கடத்திற்று. மதகு திறந்தால் சுழியத்தையும் திறவாவிட்டால் குறை எண்ணையும் அவ்விசை விடையாகத் தரவேண்டும் என்பது நீரே வகுத்த முறை. சேறு இறுகிக் கிடந்தமையால் அது குறை எண்ணையே தந்தது. அவ்விடையை வாங்கிப் பார்க்க உம் நிரலில் ஒரு வரியும் இல்லை. கேட்டுவிட்டுப் பதில் வருமுன் முதுகைத் திருப்பிக்கொண்ட அந்நிரல், மதகு திறந்தது என்று எம் திரையில் பச்சை எழுத்தில் காட்டிற்று. கரை உடைந்து கீழூர் வயல்கள் மூழ்கின.

மதகுக் காவலன் அழிசி ஓடிவந்து, மதகு அசையவே இல்லை என்று முறையிட்டான். பொறி பொய் சொல்லாது என்று நீர் அவையில் சான்றுரைத்தீர். அவன் குடித்துக் கிடந்திருப்பான் என்றும் சேர்த்துக்கொண்டீர். உம் பட்டத்தை மதித்து அவனைச் சிறையிட்டோம். அதை நினைக்க எமக்கு வெட்கமாக இருக்கிறது. மறுநாள் அவனை நாடுகடத்துவதாகக் குறித்திருந்த வேளையில் வெள்ளம் வடிந்தது. மதகு மூடியபடியே நின்றது.

விசாரித்தவர்களிடம், விடைதோறும் சோதித்தால் நிரலின் அழகு கெடும் என்றும், உம் கூடத்தில் வைத்துப் பார்த்தபோது மதகு ஒருமுறையும் மறுத்ததில்லை என்றும் சொன்னீராம். உம் கூடத்து மதகு பலகையில் செய்த பொம்மை. அதற்குச் சேறு ஏது? நீர் அவசரமாய்த் திருத்திய நிரலையும் கண்டோம். இப்போது குறை எண் வந்தால், ஏதோ பிழை என்று முணுமுணுத்துவிட்டு, அடுத்த வரியிலேயே மதகு திறந்தது என்று கூசாமல் சொல்கிறது. உம்மைப் பாராட்ட எமக்குச் சொல் போதவில்லை.

ஆகவே ஆம்பல் முத்திரை பதித்து யாம் இடும் ஆணை இது. எந்த விசை மறுத்தாலும் நிரல் அவ்விடத்திலேயே நின்று, மறுத்தது எது, ஏன் என்று உரைத்து, காவலனை அழைக்கட்டும். பட்டத்தைத் திருப்பி அனுப்பும். ஓலை கண்டவுடன் நீரே சிறைக்கு நடந்து சென்று, அழிசியின் பூட்டில் சாவியைத் திருப்பும். திருப்பிய கையோடு விடுதலை ஆயிற்று என்று எமக்கு எழுதிவிடாதீர். கதவு திறந்ததா, அவன் வெளியே வந்து நின்றானா என்று உம் கண்ணால் பாரும்; பார்த்தபின் எழுதும்.