சத்தம் வந்த கட்டிலுக்கு முதலில்

4-6-1994, சனி
பிரசவ வார்டில் இன்று ஏழு பேர். எனக்குத் தொண்டையே போய்விட்டது. ஒருத்தி கத்தினால் ஏழும் கத்தும். "ஊரு உலகத்துல நீ ஒருத்திதான் பெக்கறயா? வாயை மூடு" என்று அதட்டினேன். பாவம், சின்னப் பெண்தான். இங்கே எப்போதும் சத்தம் வந்த கட்டிலுக்குத்தான் முதலில் ஓடுவோம், அதட்டவாவது. சத்தமில்லாதவளுக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று கணக்கு.

ஆயா தெய்வாத்தாள் என்னைக் காட்டிச் சொன்னாள்: "தாஜு சிஸ்டர் இருந்தா வார்டு பள்ளிக்கூடமாட்ட கப்சிப்புனு இருக்குமுங்க." சந்தோஷமாகத்தான் இருந்தது.

9-6-1994
தங்கச்சி மிஸ்பாவின் மாப்பிள்ளை சுஃப்யானுக்கு லேத்தில் விரல் நசுங்கிவிட்டது. ஒன்பது மாத வயிற்றோடு அவள்தான் ஆட்டோவில் கூட்டிவந்தாள். அவர் போட்ட கூச்சலில் ரோட்டில் போனவன் எட்டிப் பார்த்தான். டாக்டர் உடனே வலிக்கு ஊசி போடச் சொன்னார். "ஆம்பளையே அழறாருன்னா எத்தன வலியோ!" என்றாள் தெய்வாத்தாள். யாரும் அதட்டவில்லை. நானும்தான்.

மிஸ்பாவிடம் சிரித்தேன்: "நீயும் வந்து கத்தி என் மானத்தை வாங்கிப்போடாதே."

"கத்த மாட்டேங்க்கா."

14-6-1994
மிஸ்பாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. நாலு நாளாகத் தலைவலியாம். ஏண்டி சொல்லலே? "எல்லாருக்கும் இருக்கறதுதானேன்னு..." பிரஷர் ஏறியிருக்கிறது. மாத்திரை கொடுத்தார்கள். மனசு சரியில்லை. ஒன்றும் இருக்காது.

20-6-1994, திங்கள்
மிஸ்பாவுக்கு வலி. பத்து மணிக்குச் சேர்த்தாயிற்று. என் டியூட்டிதான்.

24-6-1994
எழுத வரவில்லை. எழுதித்தான் ஆகணும்.

அன்னிக்கு மூணாம் கட்டில்காரி விடாம கத்திட்டே இருந்தா. அங்கயே நின்னேன். நடுவுல மிஸ்பா மெதுவாக் கூப்பிட்டா. "அக்கா, விட்டு விட்டு வரலே. விடாம வலிக்குது." வயித்தத் தொட்டுப் பாத்தனா? இல்லே. "தலைப்பிரசவம் அப்படித்தான் கண்ணு, பொறுத்துக்கோ"ன்னு சொல்லிப்போட்டு ஓடிட்டேன். முந்தானையை வாயில வெச்சுக் கடிச்சிருந்தா. பெருமையா இருந்துச்சு எனக்கு. யா அல்லாஹ், பெருமையா இருந்துச்சு!

ஒரு மணிக்குத்தான் தொட்டேன். வயிறு கல்லு. உள்ளயே ரத்தம் கொட்டியிருக்கு. இவ கத்தியிருந்தா ஓடியிருப்பேன்தானே — அதட்டவாவது?

குழந்தை போயிருச்சு. பொண்ணு. மிஸ்பாவைக் காப்பாத்தக் கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க.

2-7-1994, சனி
புதிதாக வந்தவள் கத்தினாள். தெய்வாத்தாள் அதட்டப் போனாள். "விடு, கத்தட்டும்" என்றேன். பேசாமல் கிடந்தவர்களின் வயிற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். பிறகு மிஸ்பாவிடம் போனேன். இன்று தையல் பிரித்திருந்தார்கள்.

வராந்தாவில் சுஃப்யான் குலுங்கிக் குலுங்கி அழுகிறார். நாலு பேர் சுற்றி நின்று தேற்றுகிறார்கள்.

"வலிக்குதா கண்ணு?"

"இல்லேக்கா."

பன்னிரண்டு நாளாயிற்று. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அழுதுரு கண்ணு. கத்தி அழுதுரு."

சுற்றிலும் ஒருதரம் பார்த்தாள்.

"இது உங்க வார்டுங்க்கா" என்றாள்.