லோரியில் ஏறிய பெட்டி

என்னங்க,

இன்று காலை சேலை எடுக்கத் தகரப் பெட்டியைத் திறந்தேன். அடியில் உங்கள் முட்டிப்பட்டை கிடந்தது. எத்தனை முறை துவைத்தும் அந்தத் தைல வாடை போகவில்லை. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அலமாரி வாங்கிக் குடுத்து எவ்ளோ நாளாச்சு! இன்னும் ஏம்மா இந்தப் பொட்டி?" என்றாள். உங்களைக் கேட்க வேண்டிய கேள்வியை என்னிடம் கேட்கிறாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி, பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்தபோது என் அப்பாவுக்கு ஒரே பெருமை. மாப்பிள்ளை காற்பந்து ஆட்டக்காரர்; தோட்டத்துத் துரையே கூப்பிட்டு வேலை கொடுத்திருக்கிறார். தோட்டங்களுக்குள் கிண்ணப் போட்டி என்றால் துரைமாருக்கு அது மானப் பிரச்சினை. நன்றாக ஆடுகிறவனுக்கு ஸ்டோரில் லேசான வேலை, தொழிலாளர் லயத்தில் ஓரத்து வீடு. கிண்ணம் கை நழுவினால் சாமான் ஏற்ற வாசலில் லோரி நிற்கும். புக்கிட் ரோத்தான், ஜெராம், தஞ்சோங் காராங் என்று நீங்கள் குழுச் சட்டை மாற்றியபோதெல்லாம் நான் வீடு மாற்றினேன். எங்கே போனாலும் எனக்கு பேர் கொடுக்க அதே விடிகாலைப் பெரட்டு, அதே ரப்பர் பால்வாளி. "பந்துக்காரன் பொண்டாட்டிக்கு என்னா கொறைச்சல்" என்று பக்கத்து வீட்டில் பேசுவார்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: யாரும் காலி செய்யச் சொல்லாத ஒரு வீடு.

"இந்த ஒரு கப்பு அடிச்சிட்டா போதும்லா, அப்புறம் நிரந்தரமா இங்கதான்" என்பீர்கள். எல்லாத் தோட்டத்திலும் சொன்னீர்கள்.

கடைசியாக வந்த கோலசிலாங்கூர்த் தோட்டத்தில் முட்டி போனதும் துரை உங்களைப் பயிற்றுநர் ஆக்கினார். வீடு தப்பியதென்று சாமிக்கு விளக்கேற்றினேன். பயிற்சி என்றால் பையன்களை ஓட விடுவது என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த தோட்டத்து ஆட்டக்காரனைக் கலைத்துக் கூட்டி வருவதுதான் முதல் வேலை என்பது பிறகே தெரிந்தது. பெண்ணிடம் பெண் பேசினால் படியும் என்று என்னையும் மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, சபாக் பெர்ணம் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனீர்கள்.

அந்த ஆட்டக்காரனின் மனைவி கைப்பிள்ளையோடு நின்றாள். லேசான வேலை, ஓரத்து வீடு, நிரந்தரம் என்று அவள் புருஷனிடம் அடுக்கினீர்கள். சொல் மாறாமல் அதே பேச்சு. அவள் என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, நம்பி வரலாமா?" என்று கேட்டாள்.

"வா தங்கச்சி. ஆனா பொட்டியில இருக்கிறத வெளியில எடுத்து அடுக்கிடாத" என்றேன்.

அவர்கள் வரவில்லை. கிண்ணமும் வரவில்லை. லோரி வந்தது. நான் அவளிடம் சொன்னது எப்படியோ உங்கள் காதுக்கு எட்டியிருந்தது. ரவாங்கில் தொழிற்சாலை வேலைக்கு வந்து இறங்கியதும், "ஒன் வாயாலதான் வீடு போச்சு" என்றீர்கள். அதை நான் மன்னிக்கவில்லை. நீங்கள் இருந்தபோதும் இல்லை, இப்போதும் இல்லை. அந்த வீடு என் வாயால் போனதென்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய வீடுகள் யார் காலால் போயின?

நீங்கள் போன அன்று, ரவாங் தொழிற்சாலைக் குழுவில் உங்களிடம் பழகிய பையன்கள் வந்து உங்கள் நெஞ்சின் மேல் பந்தை வைத்தார்கள். "கோச் மாதிரி ஆளு கெடையாது ஆன்ட்டி" என்று தேம்பினார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

இது மகளின் சொந்த வீடு. யாரும் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள். தெரியும். ஆனாலும் தெருவில் லோரி நின்றால் யார் வீட்டுக்கு என்று ஜன்னலுக்கு ஓடிப் பார்க்கிறேன். காலையில் என் சேலைகளையெல்லாம் அவள் அலமாரியில் அடுக்கிவிட்டு வேலைக்குப் போனாள். அவள் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன், அடியில் உங்கள் முட்டிப்பட்டையோடு. சபாக் பெர்ணத்துப் பெண்ணுக்குச் சொன்னதை நான்தான் இன்னும் கடைப்பிடிக்கிறேன்.