டிசம்பர் ஒன்றா, நவம்பர் மூன்றா

மயிலாப்பூர்,
5.6.1996

சிரஞ்சீவி அனந்துவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் லக்ஷ்மியும் சௌக்கியம். மஸ்கட்டில் வெயில் கடுமை என்று பேப்பரில் போட்டிருந்தான். மோர் நிறையக் குடி.

திங்களன்று லக்ஷ்மியை ஆழ்வார்பேட்டையில் டாக்டர் வஜீஹாவிடம் அழைத்துப் போனேன். குறை ஒன்றும் இல்லையாம். குழந்தை டிசம்பர் ஒன்றாம் தேதி வாக்கில் பிறக்கும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். நாலாம் மாதத்துக்கு வயிறு கொஞ்சம் பெரிதாகவே தெரிகிறது. இருபதாம் தேதி ஸ்கேன். லக்ஷ்மி ஆபீசில் நவம்பர் நடுவிலிருந்து லீவு கேட்டிருக்கிறாள். வளைகாப்பைப் புரட்டாசி கழிந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பினாள்.

அந்தத் தேதி எப்படி வந்தது என்று டாக்டரைக் கேட்டேன். கடைசியாக மாதவிலக்காகி ஒதுங்கிய நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்ட வேண்டுமாம். லக்ஷ்மி சொன்ன நாள் பிப்ரவரி 24. எனக்கும் நினைவிருக்கிறது, அன்று அவள் சுவாமிக்கு விளக்கேற்ற வரவில்லை. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் இல்லையா, வீட்டுக்கு வந்து நானும் ஒரு தரம் போட்டுப் பார்த்தேன். நீ விமானம் ஏறியது பிப்ரவரி 10.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. முகம் கொடுத்துத்தான் பேசுகிறேன். நீ யோசித்துக்கொள்.

அம்மா


மயிலாப்பூர்,
22.6.1996

அனந்துவுக்கு ஆசீர்வாதம்.

என் போன கடிதத்தை வைத்திருந்தால் இதைப் படித்ததும் கிழித்துப் போடு. உனக்கு இங்கே நடந்தது எதுவும் தெரிந்திருக்காது. வரிசையாகச் சொல்கிறேன்.

பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமை நீ கீழ் வீட்டு சுவாமிநாதன் மாமாவுக்குப் போன் செய்து லக்ஷ்மியைக் கூப்பிடச் சொன்னாய். அவள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். நானும் பின்னால் போய் நின்றேன். நீ கேட்டது எனக்குக் கேட்கவில்லை. அவள் சொன்னது கேட்டது. "ஆமா, இருபத்துநாலு. நீங்க கிளம்பினப்புறம்தான்." பிறகு ரிசீவரை வைத்துவிட்டாள்.

மாடிக்கு வந்ததும் என்னைப் பார்த்து, "அந்த லெட்டரை நான்தானேம்மா கச்சேரி ரோடு போஸ்ட் ஆபீஸ்ல கொண்டு போய்ப் போட்டேன்" என்றாள். ஆமாம், அவளிடம்தான் கொடுத்தனுப்பினேன்.

அன்றைக்கு இங்கே பேய் மழை. மறுநாள் காலையில் தெருவில் முழங்கால் தண்ணீர். அவள் ஒரு பையோடு இறங்கி ஆட்டோவை நிறுத்தினாள். "சைதாப்பேட்டைல தண்ணி நிக்கிதும்மா, புள்ளத்தாச்சிய இட்டுக்கினு எப்டி போறது?" என்று ஆட்டோக்காரர் என்னைத்தான் கேட்டார். போக வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாசலில் நின்றேனே தவிர சொல்லவில்லை. அவள் நங்கநல்லூரில் அப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள் என்று தெரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

இருபதாம் தேதி ஸ்கேனுக்கு வருவாள் என்று தெரியும். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் அப்பா என்னைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். ஸ்கேன் முடிந்ததும் டாக்டர் லக்ஷ்மியோடு என்னையும் உள்ளே அழைத்தார். அவருக்கு நம் வீட்டு விஷயம் என்ன தெரியும்?

குழந்தை அவர் போட்ட தேதியைவிட நாலு வாரம் பெரிதாக இருக்கிறது, கிட்டத்தட்ட இருபத்தொரு வாரத்து வளர்ச்சி என்றார். பிப்ரவரியில் வந்தது வழக்கம் போலத்தான் இருந்ததா என்று லக்ஷ்மியைக் கேட்டார். "இல்ல டாக்டர், ஒண்ணரை நாள்தான். லேசா" என்றாள். "அது மாசாமாசம் வர்றது இல்லம்மா. கரு தங்கின புதுசுல சில பேருக்கு அப்படிக் கொஞ்சம் படும். அதை வெச்சுத் தேதி போட்டதாலதான் தப்பாயிடுச்சு" என்று சொல்லி, பழைய தேதியை அடித்துவிட்டு நவம்பர் 3 என்று எழுதினார். நீ இங்கே இருந்தபோது தங்கிய கரு, அனந்து. நீ புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்னால்.

பிப்ரவரியிலேயே அவள் என்னிடம், "என்னம்மா இது, ரொம்பக் கம்மியா இருக்கே" என்றாள். "அவன் ஊருக்குப் போன கவலை, சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனேன். வயிறு பெரிதாக இருப்பதையும் என் கையாலேயே உனக்கு எழுதினேன். வயிறு பெரிதென்றால் நாள் முந்தியது என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்ற வேண்டாம் என்று இருந்தேனோ என்னவோ.

வெளியே வந்து அவள் கையைப் பிடித்தேன். நான் நினைத்தது பாவம், எழுதியது அதைவிடப் பாவம் என்று சொன்னேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "நீங்க கணக்குப் போட்டேள். விடுங்கோ. அவர் போன்ல எங்கிட்ட தேதி கேட்டாரேம்மா" என்றாள். பிறகு அப்பாவோடு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

நேற்று நீ மறுபடி போன் செய்தபோது நான் எடுக்க இறங்கவில்லை. உன்னிடம் வாயால் சொல்லிவிட்டால், நீ அங்கிருந்தே ஸாரி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவாய் என்று பயந்தேன். லக்ஷ்மியின் அப்பா வீட்டில் போனும் கிடையாது. இந்தக் கடிதத்தை, நாளை மஸ்கட் வரும் எதிர் வீட்டு சந்திரமௌலியிடம் கொடுத்து, உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் குழந்தை பிறந்துவிடும். டிசம்பரில் வர நீ போட்டிருக்கும் லீவை அக்டோபர் கடைசிக்கு மாற்று. ஆனால் அதுவரையிலும் காத்திருக்காதே. நாலு நாள் லீவு கிடைத்தாலும் இப்போதே ஒரு தரம் வந்து போ. மீனம்பாக்கத்தில் இறங்கினால் நங்கநல்லூர் பத்து நிமிஷம். பெட்டியோடு நேரே அங்கே போ. அம்மாதான் எழுதினாள் என்று என் மேல் பழி போட்டுப் பேசாதே. எழுதியது நான், கேட்டது நீ. அவள் என்ன சொன்னாலும் நின்று கேள். பேசாமல் இருந்தாலும் அங்கேயே இரு.

மயிலாப்பூருக்கு வர நேரமில்லாவிட்டால் பரவாயில்லை. நான் எதிர்பார்க்க மாட்டேன்.

உங்கள் மூன்று பேருக்கும் என் ஆசீர்வாதம். அவளுக்கானதை நேரில் சொல்ல எனக்கு இப்போது முகமில்லை. நீ சொல்.

அம்மா