சம்மாந்துறைக் கலியாணத்தில் நான் போடாத குரவை

06.07.1997, ஞாயிறு இரவு

மூத்த பேரன் இஞ்சினியர். இளையவன் கல்முனையில் வாத்தியார். பேத்தி றிஸ்னா பேராதனையில் டொக்டருக்குப் படிக்கிறாள். இன்று வேனில் சம்மாந்துறைக் கலியாணத்துக்குப் போய் இதைச் சொன்னேன். கலியாணப் பெண்ணின் உம்மம்மா, தாயைப் பெற்றவள், என் மச்சி. எல்லோருக்கும் முன்னால் சொன்னாள்:

“றிஸ்னா படிச்சு முடிக்கக்குள்ள மாப்பிள்ளைமாருக்குத் தாடி நரைச்சிரும் மச்சி.”

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் குடும்பத்துக் கலியாணங்களில் நாக்கைச் சுழற்றிக் குரவையை முதலில் எடுப்பவள் நான்தான். மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் மச்சி ஓடிவந்தாள்.

“குரவை போடுங்க மச்சி.”

“தொண்டை அடைச்சிட்டு. மாப்பிள்ளைக்குத் தாடி நரைக்கிறதுக்குள்ள சரியாகிரும்.”

மாப்பிள்ளை குரவைச் சத்தமில்லாமல் உள்ளே போனார். திரும்பி வரும்போது மகள் ஏசினாள். அப்படியும் எனக்கு மனம் ஆறவில்லை. றிஸ்னா வெள்ளைக் கோட்டோடு புதிதாக ஒரு போட்டோ எடுக்க வேண்டும். எனக்கு வேண்டாம். மச்சியின் விலாசத்துக்குத் தபாலில் போடட்டும்.