மாதா காலடியில் ஒரு கார்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

இமெல்டா எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

இங்கே ஓக்லண்டில் இன்சூரன்ஸ் இல்லாத நம் குவாத்தமாலாக்காரர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன் இல்லையா? மூன்று மாதம் அலைந்து, பக்கத்து வீட்டு எல்விரா அக்காவின் மகளுக்கு அரசு மருத்துவ கார்டு வாங்கித் தந்தேன். நேற்று போனால் பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

"டாக்டர்கிட்ட போகலையா? கார்டு எங்கக்கா?"

"மாதா காலடியில இருக்குடி. வெளிய எடுத்தா தொலைஞ்சிடும். தினம் மெழுகுவத்தி ஏத்துறேன்."

"மாதாவுக்கா காது வலி?"

அக்காவே சிரித்துவிட்டாள். சிலுவை அடையாளம் போட்டு, கார்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். சாயங்காலமே பிள்ளை சோள டார்ட்டியா கேட்டுச் சாப்பிட்டாள்.

அம்மா, நீங்கள் காய்ச்சும் தைலம் ஒரு சீசா அனுப்புங்கள். லேசான பல்வலிதான். கடைத் தைலத்தில் நம் வீட்டு வாசனை இல்லை. எனக்கு இன்னும் கார்டு வரவில்லை, விண்ணப்ப ரசீதுதான் இருக்கிறது. அதையும் எல்விரா அக்கா பிடுங்கி, மாதா காலடியில் காலியான இடத்தில் வைத்துவிட்டாள்.

"இது வெறும் ரசீதுதானே? கார்டு வர்ற வரைக்கும் இங்கதான் இருக்கும், போடி!"

பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் இமெல்டா