கழுவிய சப்பாத்து

உன் மலையேறும் சப்பாத்து இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. இன்று கதவைத் திறந்ததும் அந்தத் தோல் மணம்.

நீ ஜெர்மனியிலிருந்து வந்த நாளில், சிட்னி விமான நிலையத்தில் அதன் மண்ணைச் சுரண்டிக் கழுவிக் கொடுத்தார்கள். அந்நிய மண் உள்ளே வரக்கூடாது. உன் முழங்காலின் பின்னாலிருந்த சிவப்பு வளையத்தை யாரும் பார்க்கவில்லை. காட்டில் உண்ணி கடித்த இடம்.

"இதை உன்னட்டை வைச்சிரு. அம்மாவுக்கு நான் மெல்பேர்னிலை ட்ரெயினிங் எண்டுதான் சொன்னனான்," என்றாய். ஜெர்மனியில் இருந்த உன் காதலனைப் பார்க்கப் போனது எனக்கு மட்டும் தெரியும்.

சில வாரங்களில் தலையிடி. சிட்னி, குவேக்கர்ஸ் ஹில்லில் உங்கள் வீட்டில், உன் அறையின் திரைச்சீலை பகலிலும் மூடியிருந்தது. கழுத்து விறைத்துக் குனிய முடியவில்லை. முகம் ஒரு பக்கம் இழுபட்டது.

"கண்ணடிக்கிறன் எண்டு நினையாதையடி. மற்றக் கண் மூடுதில்லை."

பாதி முகத்தால் சிரித்தாய்.

ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். மூளையைச் சுற்றிய உறையில் அழற்சி. மெனிஞ்சைட்டிஸ். அதுதான் நோய் என்று நினைத்தேன். அது வேறொரு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அதை அறியத்தான் டாக்டர் கேட்டார்: அண்மையில் வெளிநாடு போனீர்களா?

உன் அம்மா, நான் அன்ரி என்று கூப்பிடுபவர், உன் கையைப் பிடித்திருந்தார். நீ என்னைப் பார்த்தாய்.

இல்லை என்றாய். நானும் தலையாட்டினேன்.

"மெல்பேர்னைத் தாண்டி இவள் எங்கை போறவள்?" என்றார் அன்ரி, பெருமையாக.

வைரஸாக இருக்கும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்கு நாள் வாயை மூடியிருந்தேன். ஐந்தாம் நாள் டாக்டரை அழைத்துச் சொன்னேன். உண்ணிக் கடியால் வரும் லைம் நோயாக இருக்கலாம், மருந்து இருக்கிறது, உடனே கூட்டி வா என்றார். நான் வந்து சேர்ந்தபோது நீ குசினியில் விழுந்து கிடந்தாய். கிருமி இதயத்தையும் தொட்டிருந்தது. பிறகு பரிசோதனையும் அதையே சொன்னது.

செத்த வீட்டில் கண்ணூறு என்றார்கள். வேலைக் களை என்றார்கள். நான் எழுந்து சொன்னேன். ஜெர்மனி. உண்ணி. அவன் பெயர்.

"செத்த பிள்ளையின்ரை மானத்தையும் வாங்கிப்போட்டாய்," என்றார் அன்ரி. அதன்பின் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும். சொன்னதற்கு உன்னிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். சொல்லாத அந்த நான்கு நாளுக்கு மட்டும் கேட்கிறேன்.

போன கிழமை எனக்குக் காய்ச்சல். என் அம்மாவும் டாக்டரின் அறைக்குள் வந்து கதிரையில் இருந்தார்.

"அம்மா, வெளியிலை இருங்கோ."

"எனக்குத் தெரியாமல் உன்னட்டை என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை. எண்டாலும் வெளியிலை இருங்கோ."

உண்மையில் ஒன்றும் இல்லைத்தான். கதவை நானே சாத்தினேன். இனி எப்போதும் சாத்துவேன்.