வண்டியை விட்டு நகராதே என்று சொன்னவன்

ஆம்பூர்
14.9.2008

அன்பு மகள் ஜெனிஃபாவுக்கு, ஆண்டவர் பேரைச் சொல்லி உன் அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஜான்சனும் லண்டன் குளிரில் ஜலதோஷம் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், எட்டாவது வரை படித்தவனுக்குப் பிழை இல்லாமல் எழுத வருகிற ஒரே வரி அதுதான், இந்தத் தடவை அதையும் எழுத முடியவில்லை. உன் அம்மாவுக்கு சர்க்கரை ஜாஸ்தி ஆகி மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், அவள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே ஒரு லட்டும் சாப்பிடுகிறாள், ஏண்டி ஆக்னஸ் என்று கேட்டால் மாத்திரைக்கும் ஏதாவது வேலை வேணாமா என்கிறாள். கரண்ட் தினமும் ரெண்டு மணி நேரம் சொல்லிவிட்டுப் போகிறது, இன்னொரு ரெண்டு மணி நேரம் சொல்லாமல் போகிறது. சர்ச்சில் ஜெனரேட்டர் வாங்கியாச்சு, அது போடுகிற சத்தத்தில் போதகர் ஐயர் பிரசங்கம் காதில் விழுவதில்லை, பாதி சபைக்கு அதில் சந்தோஷம்தான்.

போன ஞாயிறு போனில் அக்சா கை எப்படி இருக்கு என்று கேட்டாய், நான் தேவலாம் என்று சொல்லிவிட்டு அங்கே மழையா என்று பேச்சை மாற்றினேன். நீ நர்ஸ், அப்பவே உனக்கு ஏதோ பட்டிருக்கும். ஜூலை மாசம் உன் தங்கை பாத்ரூமில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டாள் என்று உனக்குச் சொன்னோமே, அது பொய்ம்மா. தூரத்தில் இருக்கிற பிள்ளை பதறுவாளே என்று சொன்ன பொய். அது என்ன என்று இப்போது எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

அவளுக்கு நான் வாங்கிக் கொடுத்த கரண்ட் ஸ்கூட்டர் உனக்குத் தெரியும். லைசென்ஸ் வேணாம் பெட்ரோல் வேணாம் சத்தமும் இல்லை என்று தெருவெல்லாம் பெருமை அடித்தேன். வாங்கி ஒரு வருஷத்தில் அதன் பேட்டரியும் என்னைப் போல ஆகிவிட்டது, ஒரு மேடு ஏறினால் மூச்சு வாங்கும். வீட்டில் கரண்ட் இல்லாத நாளில் மின்னூர் தாண்டி அவள் ஷூ கம்பெனிக்குப் போகச் சரியாக இருக்கும், திரும்பி வர பத்தாது. கம்பெனியில் சொந்த வண்டிக்கு சார்ஜ் போட விடமாட்டார்கள். ஹைவே ஓரமாக லாரி எடை போடுகிற எடைமேடை ஒன்று இருக்கிறது, அதன் பின்பக்கச் சுவரில் ஒரு பெட்டி வைத்து, எலக்ட்ரிக் வண்டிகள் சார்ஜ் செய்யுமிடம் என்று போர்டு மாட்டினார்கள், யார் வண்டியும் போடலாம். நான் சும்மா விடுவேனா, டெஸ்டரை எடுத்துக்கொண்டு போய் பிளக்கைக் குத்திப் பார்த்தேன், எர்த் கம்பி இருக்கா, மழைத் தண்ணி உள்ளே இறங்குமா, ஒயர் எங்கேயாவது உரிந்திருக்கா என்று ஒரு இன்ஜினியர் மாதிரி சுற்றிச் சுற்றி வந்து, பயப்படாம போடும்மா என்று சொன்னேன். கரண்ட் அடிக்குமா என்று பார்த்தவன் ஆள் அடிப்பானா என்று பார்க்கவில்லை. அந்தச் சுவர் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறது, முன்னாடி லாரி நின்றால் உள்ளே நிற்கிறவள் யாருக்கும் தெரியமாட்டாள், மேலே ஒரு டியூப்லைட், அதுவும் எரியாது, ஆறு மணிக்கு எடை போடுகிற ஆள் டீக்குப் போனால் ஏழுக்குத்தான் வருவான். இத்தனையும் நான் போன அன்றைக்கே அங்கே இருந்ததுதான்.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை, ஒரு புத்திமதியும் சொன்னேன். உனக்கு நினைவு தெரிவதற்கு முன்னால் நான் முனீர் அகமது பாய்கிட்ட லோடு ஆளாக இருந்தேன். பெரியமேட்டில் உப்புத் தோல் ஏற்றினால் ஆம்பூரில் தோல் பதனிடுகிற தொட்டி வரைக்கும் லோடு மேலேயே உட்கார்ந்து வரணும், அதுதான் வேலை. அந்த வாடையோடு பொண்ணு பார்க்கப் போனவனுக்கு உன் தாத்தா சரி என்று சொன்னதற்குக் காரணம் அன்றைக்கு அவருக்கு மூக்கடைப்பு என்று நான் இன்னும் நம்புகிறேன். ஒரு தரம் பள்ளிகொண்டாவில் டீ குடிக்க இறங்கினேன், ரெண்டு கட்டு தோல் போய்விட்டது. பாய் திட்டவில்லை, ஆள் வரலைன்னாலும் சரக்கு வந்து சேரணும் ஜெபசீலா, அதான் நம்ம தொழில் என்று மட்டும் சொன்னார். அன்றையிலிருந்து ஒன்றுக்குப் போகக்கூட நான் லோடை விட்டு இறங்கினதில்லை. அதே பாடத்தைத்தான் அக்சாவுக்கும் சொன்னேன். பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போகிற பசங்க இருக்காங்களாம், சார்ஜ் ஏறுகிற வரைக்கும் வண்டியை விட்டு நகராதே, எவன் வந்தாலும் சரி கைப்பிடியை விடாதே என்றேன். ஒரு நாள் இல்லை, தினமும் அவள் டிபன் பாக்ஸை எடுக்கும்போது ஜெபம் மாதிரி சொன்னேன்.

ஜூலை கடைசி வியாழக்கிழமை, ஆறே முக்கால் இருக்கும், இருட்டத் தொடங்கின நேரம். அவளோடு வேலை செய்கிற அக்தரி பேகம் பஸ்ஸுக்கு நின்றவள், பஸ் வந்ததும் இவளைக் கூப்பிட்டிருக்கிறாள், ஏறுடி, வண்டி கிடக்கட்டும், நாளைக்கு வந்து எடுத்துக்கலாம், இங்க ஒருத்தரும் இல்லடி என்று கையைப் பிடித்து இழுத்தாளாம். இவள், ஐயோ எங்கப்பா வண்டிய விட்டு நகராதேன்னிருக்காரு, நீ போடி என்று சொல்லிவிட்டாளாம். பஸ் போனதும் ரெண்டு பேர் பைக்கில் வந்தார்கள். ஒருத்தன் இது எத்தனை கிலோமீட்டர் ஓடும் சிஸ்டர் என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறான், இன்னொருத்தன் அதற்குள் பேட்டரிக்காக சீட்டைத் தூக்கப் பார்த்தான். ஓடியிருக்கலாம், இருபதடியில் ரோடு. ஓடவில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். விடும்மா, உன்னை ஒண்ணும் பண்ண மாட்டோம், விட்டுட்டுப் போ என்று அவனே ரெண்டு தரம் சொன்னானாம். திருடனுக்கு இருந்த இரக்கம் பெத்த அப்பனுக்கு இல்லை பார். வண்டியோடு சேர்த்துத் தள்ளினார்கள், எடைமேடையின் இரும்பு ஓரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் வலது கை மாட்டிக்கொண்டது. சத்தம் கேட்டு ஒரு லாரி டிரைவர் ஓடி வந்தார், அவர் வருவதற்குள் அவள் பையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பேட்டரி பத்திரமாக இருந்தது. பிறகு ஸ்கூட்டர் கடைக்காரர் பார்த்துவிட்டு, இது செத்துப்போன பேட்டரி சார், எவனும் தொட மாட்டான் என்றார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் ரெண்டு ஆபரேஷன் ஆனது. போன செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்கள், எலும்பு சேர்ந்துவிட்டது, நரம்பு நசுங்கினது வராது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பொருளைப் பிடிக்க முடியாது என்றார்கள். உனக்கு இது என்ன என்று என்னைவிட நல்லாத் தெரியும். சாம்பிள் ரூமில் புது டிசைன் வந்தால் முதல் ஜோடி அக்சாதான் தைக்கணும் என்று வெளிநாட்டுக்காரன் சொல்லிவிட்டுப் போவானாம், அந்தக் கை. கம்பெனியில் தப்பாக ஒன்றும் பேசவில்லை, பேக்கிங்கில் ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை தருகிறேன் என்கிறார்கள். அவள் யோசிச்சு சொல்றேன் சார் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்தாள். மத்தியானம் எல்லாரும் தூங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒரு தட்டில் சட்டை பட்டன்களைக் கொட்டி ஒவ்வொன்றாக எடுக்கப் பார்க்கிறாள். விழுகிற சத்தம் கேட்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு எண்ணாமல் இருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு போலீஸ்காரர் வந்து, ஏம்மா விட்டுட்டு ஓடாம அந்த வண்டியைப் பிடிச்சிக்கிட்டு நின்னே என்று கேட்டார். உன் அம்மாவும் நானும் பக்கத்தில் நின்றோம். புத்தி இல்லாம நின்னுட்டேன் சார் என்றாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அம்மாவிடமும் அதையேதான் சொன்னாள், அம்மா இன்றைக்கு வரைக்கும், என் பொண்ணுக்கு இப்படி ஒரு பிடிவாதமா என்று அவளைத்தான் சொல்லிச் சொல்லி அழுகிறாள். அக்தரி பேகம் ஒரு நாள் பார்க்க வந்து வாசலில் என்னிடம் விஷயத்தைச் சொன்ன பிறகுதான், அவள் நின்றது என் பேச்சுக்கு என்று எனக்கு நிச்சயமானது. மூன்று தரம் அக்சாகிட்ட பேச்சை எடுத்தேன். ஒரு தரம், அப்பா டீ ஆறுது பாரு என்றாள். ஒரு தரம், உன் முட்டிக்குத் தைலம் தேய்ச்சியா என்றாள். மூன்றாம் தரம் எழுந்து போய்விட்டாள்.

உங்க ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்தில் காருக்குக் கரண்ட் போடுகிற கம்பம் நட்டிருக்கிறார்கள், பெங்களூரில் செய்து அங்கே விற்கிற சின்ன கார் ஒன்று பழசாக வாங்கப் போகிறோம் என்று மாப்பிள்ளை சொன்னார். வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. ஆனால் டூட்டி முடிந்து தனியாக வரும்போது அங்கே வெளிச்சம் இருக்கா, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் இருக்கா என்று பார்த்துவிட்டு நிறுத்து, இல்லையென்றால் நிறுத்தாமல் வந்துவிடு. மாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குள்ளேயே போய் உட்கார், காருக்குள் உட்கார்ந்தால் கதவைப் பூட்டிக்கொள். ஒயரைச் சுருட்டும்போது காதில் போன் வேண்டாம். மனசுக்குச் சரியில்லாத ஆள் வந்தால் கார், ஒயர், சாவி எல்லாம் அப்படியே போட்டுவிட்டு ஓடு. அப்பா சொல்வதை இந்த ஒரு தரம் கேள், மற்றதெல்லாம் கேட்காதே.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். அம்மாவிடம் இந்த வாரமே நான் சொல்லிவிடுவேன், அவள் திட்ட மாட்டாள், அழுதுவிட்டு எனக்கும் சேர்த்து ஜெபம் பண்ணுவாள். அக்சா வாயைத் திறக்க மாட்டாள். பாய் அன்றைக்குத் திட்டாமல் விட்டதுதான் என்னை இப்படி ஆக்கியது, அவர் ரெண்டு அறை விட்டிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன். நீ மூத்தவள், வாயும் உனக்கு ஜாஸ்தி. நீயாவது என்னைத் திட்டும்மா. அப்பா என்று பார்க்காதே, என் தங்கச்சி கையை என்ன பண்ணி வெச்சிருக்கே என்று கேள். யாராவது ஒருத்தர் கேட்கணும்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கண்ணிலேயே வைத்திருக்கட்டும், கூடிய சீக்கிரம் மடியில் ஒரு பிள்ளையைத் தரட்டும். மாப்பிள்ளைக்கு என் ஸ்தோத்திரம் சொல்.

ஞாபகம் வை, போன் பண்ணும்போது வீட்டுக்குப் பண்ணாதே, நான் வேலைக்குப் போகிற குடோன் நம்பருக்கு சனிக்கிழமை பதினோரு மணிக்கு மேல் பண்ணு, நான் தனியாக இருப்பேன். வீட்டில் மணி அடித்தால் அக்சாதான் ஓடிப்போய் இடது கையால் எடுப்பாள், நீ கோபமாக இருக்கிறது தெரிந்தால் உன்னையும் சமாதானம் பண்ணிவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜெ. ஜெபசீலன்